கண்டிப்பான பள்ளியில் கால் ஊன்றுவது எப்படி? காஞ்சிபுரத்துப் புது ஆசிரியருக்கு முழுமையான வழிகாட்டி

மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் காஞ்சிபுரத்தில் முதலில் எழும் கேள்வி, "எந்த ஸ்கூல் எத்தனை பர்சண்ட்?" என்பதுதான். நூறு சதவீதம் என்றால் பள்ளி வாசலில் பேனர் கட்டுவார்கள். தொண்ணூற்றெட்டு என்றால், தவறியவர்கள் யார், எந்தப் பாடம், யார் எடுத்த வகுப்பு என்று விசாரணை தொடங்கிவிடும். அடுத்த மாதமே, ஜூனில், அந்தப் பள்ளியில் சேரும் புது ஆசிரியருக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

இந்த ஊர் படிப்பை எப்போதும் பெரிதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னாளில் கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், நான்காம் நூற்றாண்டில் தன் குரு வீரசர்மனோடு காஞ்சியின் கடிகை என்னும் உயர்கல்வி நிலையத்துக்குப் படிக்க வந்த செய்தியைக் கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, இங்குள்ள பச்சையப்பன் பள்ளியில்தான் படித்தார். பின்னர் சென்னையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். தறிக்குழியிலிருந்து பிள்ளை மேலே ஏறிவரப் படிப்பு ஒன்றே படி என்று இந்த ஊர்ப் பெற்றோர் நம்புகிறார்கள். பள்ளிகளின் கண்டிப்புக்குப் பின்னால் இருப்பது இந்த நம்பிக்கைதான். அதைச் சுமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை மதித்து வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிப்பட்ட பள்ளியில் ஒருவரை நிலைக்க வைப்பது நம்பகம். சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பவர், திருத்திய தாளை மறுநாள் தருபவர், மணி அடித்ததும் வகுப்பில் நிற்பவர் என்று பெயர் வாங்கிவிட்டால், பெரிய திறமைகளை வளர்த்துக்கொள்ளப் பள்ளியே உங்களுக்கு அவகாசம் தரும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தப் பெயரை எப்படிச் சம்பாதிப்பது என்பதைப் பற்றியதே.

படி 1: காகிதங்களை முதலில் சரிசெய்யுங்கள்

அரசுப் பள்ளியில் சேர்பவரானால் பணி நியமன ஆணை, கல்விச் சான்றுகள், சாதிச் சான்று, உடற்தகுதிச் சான்று ஆகியவற்றின் மூலங்களையும், குறைந்தது நான்கு செட் நகல்களையும் கையில் வைத்திருங்கள். பணியேற்பு அறிக்கையில் முற்பகலா பிற்பகலா என்பது தெளிவாக இருக்கட்டும். பணிமூப்பும் சம்பளமும் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் கணக்கிடப்படும். பணிப்பதிவேடு எப்போது தொடங்கப்படும், சான்றுகளின் உண்மைத்தன்மைக்கு எப்போது எழுதுவார்கள் என்று அலுவலக உதவியாளரிடம் பணிவாகக் கேட்டுவிடுங்கள். தொடர்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுப் பணியை முடிப்பது தகுதிகாண் பருவம். அது முடியும்போது இந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள். முதல் சம்பளம் சில நேரம் தாமதமாகும் என்பதால் இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

தனியார் பள்ளி என்றால் சம்பளம், விடுப்பு, பி.எஃப். ஆகியவை எழுதப்பட்ட நியமன ஆணையை வாங்கிக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். பள்ளியிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது.

அடுத்தது வீடு. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தானே, தினமும் வந்துபோகலாம் என்று தோன்றும். செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் ரயில்கள் குறைவு. பேருந்தோ நெரிசலில் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. காலைச் சிறப்பு வகுப்பு வைக்கும் பள்ளியில் முதல் ஆண்டு மட்டுமாவது ஊருக்குள்ளோ ஓரிக்கை, செவிலிமேடு பக்கமோ தங்குங்கள். பயணத்தில் போகும் மூன்று மணி நேரம் பாடம் தயாரிக்க வேண்டிய நேரம்.

படி 2: ஊரைப் படியுங்கள்

பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் என்று பகுதிக்குப் பகுதி பிள்ளைகளின் வீட்டுச் சூழல் மாறும். பள்ளி தொடங்கும் முன்பே ஒரு காலைப் பொழுதில் பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்து வாருங்கள். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது தறிக்கான நீளவாக்கு இழைகள், விரித்திருப்பார்கள். வீட்டுக்குள் குழித்தறி சத்தம் கேட்கும். உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் கண் அயர்ந்து உட்காரும் பையன், இரவு அந்தச் சத்தத்துக்கு நடுவில் படித்தவனாக இருக்கலாம்.

நெசவைப் பற்றி ஆசிரியர் அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டும். அந்த இன்னொருவராக ஒரு காலத்தில் வீட்டுப் பிள்ளையோ முன்பணத்துக்கு விடப்பட்ட பிள்ளையோ இருந்தார்கள். பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஆனாலும் கல்யாண சீசனில், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், ஒரு பிள்ளை அடிக்கடி வராமல் போனால் காரணம் காய்ச்சலாக மட்டும் இருக்காது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக, படிப்புக்கு இடையூறு இல்லாமல் குடும்பத் தொழிலில் உதவலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது. தாழ்ந்த வீடுகளில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். வேலை நின்றால் கூலி நிற்கும். அரையாண்டுத் தேர்வும் அந்த நேரத்தில்தான் வருகிறது. வழிகாட்டி நூல் வாங்கு, பிராஜெக்ட்டுக்குச் சார்ட் வாங்கு என்று டிசம்பரில் சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தறியை விட்டுப் போனவர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு பல வீடுகளில் அப்பா கம்பெனி பஸ் ஏறுகிறார், அம்மாவும் ஷிஃப்டுக்குப் போகிறார். இரவு ஷிஃப்ட் வாரத்தில் பிள்ளையின் டைரியில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாகக் கொண்ட நெசவுக் குடும்பங்களும் இங்கே உண்டு. தமிழ்த் தாளில் ஒற்றுப்பிழை மிகும் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

படி 3: முதல் வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

கண்டிப்பான பள்ளிகளில் எழுதப்பட்ட விதிகள் பாதி, எழுதப்படாதவை மீதி. இரண்டாவது வகையை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத்தான் அறிய முடியும். முதல் வாரத்துக்குள் இவற்றுக்கு விடை வாங்கிவிடுங்கள்:

- காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு ஆசிரியர் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? வகுப்பு வரிசையை யார் பார்ப்பது?
- பாடக்குறிப்பை எந்தக் கிழமை தலைமையாசிரியர் மேசையில் வைக்க வேண்டும்?
- ஆசிரியர் வராத வகுப்புக்கு மாற்றுப் பாடவேளை எப்படிப் பிரிக்கப்படுகிறது?
- சிறப்பு வகுப்புகள் எந்தெந்த வகுப்புக்கு, எந்த நேரம், யார் பொறுப்பு?
- தேர்வு முடிந்து எத்தனை நாளில் தாள் திருத்தித் தர வேண்டும்?
- பெற்றோரை அழைக்க வேண்டுமானால் வகுப்பாசிரியர் வழியாகவா, தலைமையாசிரியர் வழியாகவா?
- பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்லி, யாருடன் வீட்டுக்கு அனுப்புவது?

விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்காத புது ஆசிரியர் மீது மற்றவர்களுக்குச் சீக்கிரம் மதிப்பு வரும். "நான் முன்பு இருந்த பள்ளியில் இப்படிச் செய்வோம்" என்று தொடங்கும் யோசனைகளை முதல் பருவம் முடியும் வரை மனத்தில் வைத்திருங்கள். நல்ல யோசனை நான்கு மாதத்தில் கெட்டுப்போகாது.

படி 4: பதிவேடுகளை அன்றன்றே முடியுங்கள்

புது ஆசிரியர்களைத் தளர வைப்பதில் கற்பித்தலை விட எழுத்து வேலைக்குப் பங்கு அதிகம். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, பாடக்குறிப்பு, முடித்த பாடத்தை எழுதும் ஏடு ஆகியவற்றோடு அரசுப் பள்ளியில் எமிஸ் என்னும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளமும் சேரும். காலையில் செயலியில் வருகை பதிவது, பிள்ளைகளின் விவரத்தைத் திருத்துவது என்று அது தினமும் நேரம் கேட்கும்.

இதற்கு ஒரே வழி, ஒன்றையும் மறுநாளுக்குத் தள்ளாமல் இருப்பது. பள்ளி விட்டதும் இருபது நிமிடம் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து அன்றைய பதிவுகளை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் குழு முன்னறிவிப்பின்றி வந்து நிற்கும் நாளில், ஏடுகள் முடிந்திருக்கும் ஆசிரியர் வகுப்பை நிறுத்தாமல் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

பாடக்குறிப்பை அலுவலகத்துக்காக மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு பாடவேளைக்கும் மூன்று வரி போதும்: இன்று பிள்ளைகளால் எதைச் செய்ய முடிய வேண்டும், அதற்கு நான் என்ன செய்யப் போகிறேன், முடிந்ததா என்று எந்தக் கேள்வியால் சோதிப்பேன். படிவத்தில் உள்ள மற்ற கட்டங்களை இந்த மூன்றிலிருந்தே நிரப்பிவிடலாம். வகுப்பு முடிந்ததும் "இரண்டாம் எடுத்துக்காட்டு புரியவில்லை, நாளை மறுபடி" என்பது போல ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு வரும்போது அந்த வரி எந்தக் கையேட்டையும் விட உதவும்.

படி 5: முதல் வகுப்புகளில் மூன்று வேலைகள்

பெயர்களைக் கற்றுக்கொள்வது முதல் வேலை. உட்காரும் வரைபடம் ஒன்றைத் தயாரித்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். "ஏய், நீலச் சட்டை" என்று கூப்பிடப்படும் பையனும் பெயர் சொல்லி அழைக்கப்படும் பையனும் ஒரே மாதிரி எழுந்து நிற்பதில்லை. இரண்டே வாரத்தில் எல்லாப் பெயரும் தெரிந்த ஆசிரியர் என்றால், பிள்ளைகளே வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

வகுப்பின் நடைமுறையை நிறுவுவது இரண்டாவது. உள்ளே வரும் முறை, நோட்டுப் புத்தகம் வைக்கும் இடம், கேள்வி கேட்கும் விதம், வீட்டுப்பாடம் காட்டும் நாள் என நான்கைந்து விதிகள் போதும். அவற்றை முதல் நாளில் சொல்லி, முதல் மாதம் முழுவதும் ஒரு நாள்கூடத் தளர்த்தாமல் நடத்துங்கள். திங்கட்கிழமை பார்க்கிறேன் என்று சொன்ன வீட்டுப்பாடத்தைத் திங்கட்கிழமையே பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது மூன்றாவது வேலை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டதாலேயே எட்டாம் வகுப்புப் பாடம் தெரியும் என்று ஆகிவிடாது. முதல் வாரத்தில் மதிப்பெண் இல்லாத ஒரு சிறு சோதனை வையுங்கள். கணக்கு ஆசிரியர் பின்னம், வகுத்தல், குறை எண் கூட்டல் ஆகியவற்றைப் பார்க்கலாம். மொழி ஆசிரியர் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, ஐந்து வரி சொந்தமாக எழுத வைக்கலாம். இதன் முடிவை யார் முன்னும் வாசிக்க வேண்டாம். அந்தப் பட்டியல் உங்களுக்கு மட்டும். அடுத்த ஒன்பது மாதத்துக்கு அதுதான் உங்கள் வரைபடம்.

பாடத்துக்கு உதாரணம் தேடும்போது ஊரைப் பயன்படுத்துங்கள். சமச்சீர் நடத்தும்போது புடவைக் கரையின் வடிவத்தைக் கரும்பலகையில் வரையலாம். ஜரிகையில் வெள்ளி, தங்கம், செம்பு, பட்டு எந்த விகிதத்தில் சேர்கின்றன என்று விழுக்காடு கற்பிக்கலாம். கணினி ஆசிரியருக்கு இன்னும் நல்ல வாய்ப்பு உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய துளையிட்ட அட்டைத் தறிதான், சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்கு அட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிடக் காரணம். அதே ஜக்கார்டு பெட்டி வீட்டுத் தறியின் மேல் இருக்கிறது என்று சொல்லும்போது, அதுவரை பேசாத பிள்ளை கை தூக்குவாள். வகுப்பில் உள்ள எல்லாரையும் விட அவளுக்கு அதைப் பற்றி அதிகம் தெரியும்.

படி 6: அடி இல்லாத கண்டிப்பு

"இந்த ஸ்கூல்ல ரெண்டு போட்டாத்தான் சார் கேட்பாங்க" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். பெற்றோரே வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சார்" என்பதும் உண்டு. இரண்டையும் ஏற்காதீர்கள். தமிழ்நாடு 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. மதிப்பெண்ணை உரக்கப் படித்து அவமானப்படுத்துவது, அப்பாவின் தொழிலையோ சாதியையோ இழுத்துப் பேசுவது, வெயிலில் நிறுத்துவது எல்லாம் அதில் அடங்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பயத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சந்தேகம் கேட்காது. சந்தேகம் கேட்காத வகுப்பில் தேர்ச்சி வராது.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறை ஒழுங்கைப் பல ஆண்டு ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் எழுதினார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதால் வகுப்புகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர் கண்டது. நல்ல வகுப்புகளின் ஆசிரியர்கள் எல்லா மூலையையும் கவனித்துக்கொண்டே பாடம் நடத்தினார்கள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே சும்மா நேரம் விடவில்லை. நம் நாற்பது பேர் வகுப்புக்கும் இது பொருந்தும். கரும்பலகைக்கு முன்னால் நின்றே பேசாமல் பெஞ்சுகளுக்கு இடையில் நடங்கள். எழுதச் சொல்லிவிட்டுச் சுற்றி வாருங்கள். முன்னதாக முடிப்பவருக்கு அடுத்த கணக்கு பலகையில் தயாராக இருக்கட்டும்.

திரும்பத் திரும்ப இடையூறு செய்யும் பிள்ளையை வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்துப் பேசுங்கள். "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று தொடங்கினாலே பாதி விஷயம் வெளியே வரும். வீட்டில் அடி, வேலை, பசி, தொந்தரவு என்று ஏதாவது தெரிந்தால் அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் தலைமையாசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை வழிகாட்டி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

படி 7: தேர்ச்சி அழுத்தத்தைக் கையாளும் முறை

பொதுத்தேர்வு வகுப்பு உங்கள் கைக்கு வந்தால் முதலில் வினாத்தாளின் அமைப்பை முழுதாக அறிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மற்றவற்றுக்கு 90உம் 10உம்.

பத்தாம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினாவில் 10, ஐந்து மதிப்பெண் வினாவில் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. அந்த இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். மெல்லக் கற்கும் பிள்ளை இந்த 16 மதிப்பெண்ணையும் கையால் பழகிச் சம்பாதிக்க முடியும். அதோடு பாடநூலின் ஒரு மதிப்பெண் வினாக்களைத் தினமும் ஐந்து வீதம் பழகினால், 35 எட்டும் தூரத்தில் வந்துவிடும். மீதிக்கு அணிகள், உறவுகளும் சார்புகளும் போன்ற எளிய பகுதிகள் இருக்கின்றன. ஜூலையிலேயே இந்தக் கணக்கை அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து தாளில் போட்டுக் காட்டுங்கள். "நீ பாஸாகணும்" என்று நூறு முறை சொல்வதை விட, எந்த 35 என்று ஒருமுறை காட்டுவது அவனுக்குத் தைரியம் தரும்.

ஆனால் 35இல் நிறுத்திவிடாதீர்கள். தேர்ச்சிக்காக மனப்பாடம் செய்து ஏறியவன் பதினொன்றாம் வகுப்பில் அதே இடத்தில் விழுவான். வாரத்தில் ஒரு பாடவேளையாவது அடிப்படையைச் சரிசெய்ய ஒதுக்குங்கள். ஜெர்மன் ஆய்வாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டியது போல, படித்ததைத் திரும்பப் பார்க்காவிட்டால் மறதி முதல் சில நாட்களிலேயே வேகமாகத் தின்றுவிடும். ஆகவே, மாதம் ஒரு பெரிய தேர்வோடு நிறுத்தாமல் தினமும் ஐந்து நிமிட ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள். நேற்றைய பாடத்தில் இரண்டு கேள்வி, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று. பிள்ளைகளே தாளை மாற்றித் திருத்தலாம். உங்களுக்கு வேலை குறையும், அவர்களுக்கு நினைவு கூடும்.

நன்றாகப் படிப்பவர்களை மறக்க வேண்டாம். செண்டம் வாங்கக்கூடிய பிள்ளைக்கு விடை தெரியும். அதை முறையாக எழுதுவது பெரும்பாலும் தெரியாது. படிநிலைகள், அலகுகள், வரைபடக் குறிப்புகள் என்று மதிப்பெண் கசியும் இடங்களை அவர்கள் தாளில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

தேறாது என்று தோன்றும் பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எங்காவது எழுந்தால், அந்தப் பிள்ளைக்காகப் பேசும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். கையில் உள்ள ஸ்லிப் டெஸ்ட் மதிப்பெண்களைக் காட்டி, "ஜூனில் இங்கே இருந்தான், இப்போது இங்கே வந்திருக்கிறான்" என்று சொல்லுங்கள். தினமும் வைத்த கணக்கு அன்று அவனுக்குத் துணை நிற்கும்.

படி 8: பெற்றோரைச் சந்திக்கும் நேரமும் விதமும்

நெசவாளருக்குப் புடவை முடிந்தால்தான் கூலி. பகல் பதினொரு மணிக்குப் பள்ளிக்கு வரச் சொன்னால், அவர் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார். மாலையிலோ ஞாயிறன்றோ நேரம் கேளுங்கள். பல நெசவு வீடுகளில் அமாவாசையன்று தறியில் உட்கார்வதில்லை. அதுவும் நல்ல நாள். கம்பெனிக்குப் போகும் பெற்றோர் என்றால் எந்த ஷிஃப்ட் என்று விசாரித்துவிட்டுத் தொலைபேசியில் பேசுங்கள்.

முதல் பேச்சு புகாராக இருக்கக் கூடாது. வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, "ஐயா, உங்க பொண்ணு கணக்குல நல்லா கேள்வி கேட்குறா, சொல்லணும்னு தோணுச்சு" என்று ஒரு வரி சொல்லுங்கள். அக்டோபரில் அதே வீட்டுக்கு, "நாலு நாளா வரலையே, வீட்ல ஏதாவது சிரமமாம்மா?" என்று பேசும்போது அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கும் தாய்க்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். படிக்காதவர்கள் என்று எண்ணி மேலிருந்து பேச வேண்டாம். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறவர் அவர்.

அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராகப் பெற்றோர் ஒருவரே இருக்கிறார். குழுக் கூட்டத்தைக் கையெழுத்துக்கான கூட்டமாக விட்டுவிடாமல், வராத பிள்ளைகளின் பட்டியலை அங்கே வையுங்கள். அந்தத் தெருவில் உங்களை விட அவர்களுக்குச் செல்வாக்கு அதிகம்.

படி 9: ஆசிரியர் அறையில் இடம் பிடிப்பது

மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில், அவர் அனுமதியோடு, பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். கரும்பலகையை எப்படிப் பிரிக்கிறார், கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறார், தவறான விடைக்கு என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். பயிற்சிக் கல்லூரியில் கிடைக்காத பாடம் அது. உங்கள் வகுப்புக்கு வந்து பார்க்கும்படி அவரையும் அழையுங்கள்.

மாற்றுப் பாடவேளை வந்தால் முணுமுணுக்காமல் போங்கள். போகும்போது கையில் ஒரு புதிர்க்கணக்கோ கதையோ இருக்கட்டும். குழுச்சண்டைகளில் யார் பக்கமும் சாயாதீர்கள். வராத ஆசிரியரைப் பற்றிய பேச்சில் சேராதீர்கள். சத்துணவு அமைப்பாளர், அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரை மரியாதையோடு பெயர் சொல்லி விசாரியுங்கள். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

தலைமையாசிரியரிடம் பிரச்சினையைக் கொண்டுபோகும்போது உங்களுக்குத் தோன்றும் ஒரு வழியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். "ஒன்பது 'பி'யில் பன்னிரண்டு பேருக்கு வாசிக்க வரவில்லை" என்பதோடு, "மதிய உணவுக்குப் பிறகு இருபது நிமிடம் நான் எடுக்கிறேன், நூலக அறையைத் தர முடியுமா ஐயா?" என்றும் கேளுங்கள். எல்லா வேலையையும் புது ஆசிரியர் தலையில் கட்டும் வழக்கம் பல இடத்தில் உண்டு. அப்போது மறுப்பதற்குப் பதில், "இந்த மூன்று பொறுப்பு என்னிடம் இருக்கிறது; இதையும் எடுத்தால் எதை விடட்டும் ஐயா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையான கணக்கைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

படி 10: குரலையும் உடம்பையும் காப்பாற்றுங்கள்

முதல் ஆண்டில் ஆசிரியர்கள் இழப்பது குரலை. ஒரு நாளில் ஐந்தாறு பாடவேளை கத்திப் பேசினால் ஆகஸ்டிலேயே தொண்டை கட்டிவிடும். சத்தத்துக்கு மேல் சத்தம் போடாமல், அமைதியாகும் வரை நின்று, பிறகு இயல்பான குரலில் தொடங்குங்கள். வெந்நீர் பாட்டில் ஒன்று எப்போதும் உடன் இருக்கட்டும். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் பலர். இடைவேளையில் அந்த ஐந்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு அரசு ஆசிரியருக்கு உண்டு. உடம்பு முடியாத நாளில் எடுக்கத்தான் அது. வாரத்தில் ஒரு மாலை பள்ளித் தாள் எதையும் தொடாமல் இருங்கள். பகிர்ந்துகொள்ள ஒரு நண்பரை, கூடுமானால் வேறு பள்ளியில் பணிபுரிபவரை, வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு பார்வை

- ஜூன்: பெயர்கள், நடைமுறை, நிலைச் சோதனை. வரதர் கோயிலின் வைகாசிப் பிரம்மோற்சவம் மே, ஜூனில் வரும். கருடசேவை நாளில் பேருந்துகள் சுற்றிப் போகும்; முன்கூட்டியே கிளம்புங்கள்.
- ஜூலை, ஆகஸ்ட்: மெல்லக் கற்போரின் பட்டியல், தினசரி ஸ்லிப் டெஸ்ட், பெற்றோருடன் முதல் பேச்சு.
- செப்டம்பர்: காலாண்டுத் தேர்வு. முடிவைப் பார்த்து உங்கள் திட்டத்தைத் திருத்துங்கள்.
- அக்டோபர் முதல் டிசம்பர்: மழை விடுமுறைகள். பாடத்தை ஒரு வாரம் முன்னதாக ஓட்டி வைத்திருந்தால் அரையாண்டுக்குத் திணற மாட்டீர்கள். வராத பிள்ளைகளை இந்த மாதங்களில்தான் அதிகம் தேட வேண்டும்.
- ஜனவரி: பாடம் முடிந்து திருப்புதல் தொடங்க வேண்டும்.
- பிப்ரவரி, மார்ச்: செய்முறைத் தேர்வுகள், காமாட்சியம்மன் கோயில் மாசித் திருவிழா. பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு இரவுத் தூக்கம் குறையும்.
- மார்ச், ஏப்ரல்: பொதுத்தேர்வு. ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரமும் இதே நேரத்தில் வரும். தேர்வு நாள் காலையில் தேரோட்டத்தால் தெரு அடைபடுமா என்று முந்தைய நாளே பார்த்துப் பிள்ளைகளுக்கு மாற்றுவழி சொல்லுங்கள்.

முதல் ஆண்டின் முடிவில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

தேர்ச்சி விழுக்காட்டைப் பள்ளி கணக்கிடும். நீங்கள் வேறு சிலவற்றைக் கணக்கிடுங்கள். ஜூனில் வாசிக்கத் தெரியாதிருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது வாசிக்கிறார்கள்? ஜூனில் சேர்ந்தவர்களில் யாராவது நடுவில் நின்றுவிட்டார்களா, அவர்களைத் தேடிப் போனீர்களா? திருப்பித் தருவதாகச் சொன்ன தாள்களைச் சொன்ன நாளில் தந்தீர்களா? உங்களிடம் வந்து சந்தேகம் கேட்பவர்களின் எண்ணிக்கை கூடியதா? ஆசிரியர் அறையில் ஒருவராவது உங்களிடம் உதவி கேட்டு வந்தாரா?

இவற்றுக்கு நல்ல விடை இருந்தால் தேர்ச்சி விழுக்காடும் பின்னாலேயே வரும். அடுத்த ஜூனில் அதே பள்ளிக்கு இன்னொரு புது ஆசிரியர் வருவார். மூன்றாம் படியில் உள்ள கேள்விகளுக்கு அவர் விடை தேடி அலையாமல் இருக்க, உங்கள் குறிப்பேட்டை அவரிடம் கொடுங்கள்; முதல் வாரம் மதிய உணவை அவரோடு சாப்பிடுங்கள். கண்டிப்பான பள்ளி நல்ல பள்ளியாகவும் ஆவது, இப்படிக் கைதூக்கிவிடும் ஆசிரியர்கள் அங்கே சேரச் சேரத்தான்.